மரமேறும் கருவிகளும் உராய்வும்: கொங்கு நாட்டுத் தளை முதல் ஒற்றைக் கயிறு வரை

மரமேறுபவரைக் கீழே விழாமல் நிறுத்துவது உராய்வு. பனையேறியின் காலில் கிடக்கும் நார்த்தளை, தென்னை மரமேறும் இயந்திரத்தின் கம்பிவடம், காட்டு மரங்களில் ஆய்வாளர்கள் தொங்கும் ஒற்றைக் கயிற்றில் போடப்படும் முடிச்சு ஆகிய மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. எடை விழும்போது அவை இறுகுகின்றன, எடை நீங்கும்போது நெகிழ்கின்றன. அந்த உராய்வை எந்த இடத்தில் உண்டாக்குவது, யாருடைய உடல் அதைத் தாங்குவது என்பதில்தான் வேறுபாடு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களை உள்ளிட்ட கொங்கு நாட்டையும் அதை ஒட்டிய மலைகளையும் மையமாகக் கொண்டு இக்கருவிகளின் வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

தளை

பனைமட்டை நாரைத் திரித்தோ பின்னியோ வளையமாக்கி இரு பாதங்களிலும் மாட்டிக்கொள்வது தளை. வட்டாரத்துக்கு ஏற்ப இது தளைநார், தளைக்கயிறு என்றும் வழங்கப்படும். ஏறுபவர் மரத்தின் இரு பக்கமும் உள்ளங்கால்களை வைத்து அழுத்துகிறார். உடலின் எடை பாதங்களை வெளிப்பக்கமாக விலக்கப் பார்க்கும். தளை அவற்றை விலகவிடாமல் இழுத்துப் பிடிக்கும். விலக நினைத்த விசையே மரத்தை அழுத்தும் விசையாக மாறிவிடுவதால், எடை கூடக்கூடப் பிடியும் கூடுகிறது. கால்களை மடக்கி மேலே தூக்கும் கணத்தில் கைகள் மரத்தை அணைத்துக்கொள்கின்றன, தளை நெகிழ்ந்து மேலே நகர்கிறது. சிலர் இடுப்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு கயிற்றைச் சுற்றிக்கொள்வதும் உண்டு.

விலையில்லாப் பொருளால் ஆன இந்தக் கருவியைப் பழுது பார்க்கத் தனித் திறமை வேண்டாம், அரிவாள் பெட்டியோடு தூக்கிச் செல்லலாம். ஒரு மரத்திலிருந்து இறங்கி அடுத்த மரத்தில் ஏறுவதற்கு நடக்கும் நேரம்தான் ஆகும். குறை எங்கே என்றால், உராய்வின் பெரும்பங்கு மனித உடலில் விழுகிறது. பனையின் மேற்பட்டை சொரசொரப்பானது. அதை அணைத்தே ஏறுபவரின் மார்பு, முன்கை, தொடையின் உட்பக்கம் ஆகியவை காய்த்துப்போகும். 15 மீட்டர் உயரமுள்ள 30 பனைகளைக் காலையும் மாலையும் ஏறுபவர் ஒரே நாளில் 900 மீட்டர் ஏறி, அதே அளவு இறங்குகிறார். தை மாதம் தொடங்கி ஆடி வரை நீளும் பதநீர்ப் பருவத்தில் இது நாள் தவறாத வேலை, ஏனெனில் பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டாலும் ஊறல் குறையும். இந்தப் பதநீரைக் கொங்கு வட்டாரத்தில் தெளுவு என்பார்கள்.

மரமேறுதல் தமிழகத்தில் வெறும் உடலுழைப்பாக மட்டும் இருந்ததில்லை. அது சாதியோடும் வரியோடும் பிணைக்கப்பட்ட தொழில். பல்லவர் காலச் செப்பேடுகளில் ஈழம்பூட்சி என்ற வரி வருகிறது, இது கள் இறக்குவோர் மீதான வரி. சோழர் காலத்தில் ஊர்களைக் கொடையாக வழங்கிய சாசனங்களில், அவ்வூரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்ற விதி கொடையின் நிபந்தனைகளில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. மரத்தில் ஏறுவது யார், ஏறக்கூடாதவர் யார் என்பதை அரசு எழுதி வைத்த அளவுக்கு, ஏறுகிறவரின் கருவியைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. தளை பல நூற்றாண்டுகள் பெரிய மாற்றமின்றி நீடித்ததற்கு அதன் எளிமை ஒரு காரணம். அதைப் பயன்படுத்தியவர்களின் வலி மற்றவர்களுக்குப் பொருட்டாக இல்லாததும் ஒரு காரணம் என்றே கருத வேண்டியிருக்கிறது.

ஆனைமலையில் முளையடித்து ஏறுதல்

தளைக்கு ஓர் எல்லை உண்டு. இரு பாதங்களுக்கும் இடையில் அடங்கும் மரத்தில்தான் அது செல்லும். பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைக் காடுகளில் தேனடை தொங்கும் மரங்கள் அப்படிப்பட்டவை அல்ல. இருவர் மூவர் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிமரமும், பல மீட்டர் உயரம் வரை கிளையே இல்லாத நெடுந்தண்டும் கொண்டவை. அங்கு வாழும் காடர் மக்கள் மூங்கில் முளைகளை மரத்தில் அடித்து, அவற்றையே படிகளாக்கி ஏறினர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இம்முறையை விவரிக்கிறார். போர்னியோவின் தயாக் மக்களிடம் இதே முறையை ஆல்பிரட் ரசல் வாலசு கண்டு எழுதியிருந்ததால், இரண்டும் ஒத்திருப்பது அக்கால இனவரைவியலாளரின் கவனத்தை ஈர்த்தது. நீலகிரியின் குறும்பர்கள் மலைத்தேன் எடுக்கக் காட்டுக்கொடிகளை முறுக்கி ஏணி செய்து பாறை முகட்டிலிருந்து இறங்குவது இன்னொரு வழி.

முளையடிப்பதில் உராய்வின் பங்கு குறைவு, முளையே எடையைத் தாங்குகிறது. ஆனால் ஒவ்வொரு முளையும் மரத்தில் ஒரு காயம். தேனுக்காக ஆண்டுக்கு ஒருமுறை ஏறும்போது அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. விதை சேகரிக்கவோ பூக்களை நாள்தோறும் கவனிக்கவோ ஏற வேண்டுமானால் பொருந்தாது. பருத்த மரத்தில், அதைக் காயப்படுத்தாமல், கிளையில்லாத தண்டைத் தாண்டி எப்படி ஏறுவது என்ற கேள்விக்கு விடை மரத்தைப் பிடிக்காமல் கயிற்றைப் பிடிப்பதுதான்.

கயிற்றைப் பிடிக்கும் முடிச்சு

கம்பத்தில் சுற்றிய கயிற்றின் பிடி எப்படிப் பெருகுகிறது என்பது உழவர்களுக்குத் தெரிந்ததுதான். முரட்டுக் காளையின் கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் சிறுவன்கூட அதைப் பிடித்து நிற்பான். பதினெட்டாம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். உராய்வுக் கெழு 0.25 என்று கொண்டால், ஒரு முழுச் சுற்றில் பிடிப்பு ஏறத்தாழ 5 மடங்கு, இரண்டு சுற்றில் 23 மடங்கு, மூன்று சுற்றில் 111 மடங்கு. சுற்றுகள் கூட்டலாகக் கூடும்போது பிடி பெருக்கலாகக் கூடுகிறது. முடிச்சில் ஒரு சுற்றைக் கூட்டுவதும் குறைப்பதும் சிறிய மாற்றம் அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931இல் வெளியிட்ட முடிச்சு இந்த அறிவைக் கயிற்றின் மேலேயே பொருத்தியது. தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்று வளையத்தைச் சுற்றிக் கட்டினால், இழுக்காதபோது வளையம் கயிற்றில் வழுக்கி நகரும். எடை விழுந்ததும் கடித்துப் பிடித்துக்கொள்ளும். தளை மரத்தில் செய்வதை புரூசிக் முடிச்சு கயிற்றில் செய்கிறது என்று சொன்னால் தவறில்லை. 1958இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த அடோல்ஃப் யூசி, வால்டர் மார்ட்டி ஆகிய இருவரும் முடிச்சுக்குப் பதிலாகப் பற்களுள்ள உலோகப் பிடியை உருவாக்கினர். இருவர் பெயரின் முன்னெழுத்துகளும் சேர்ந்து அது யூமார் எனப்பட்டது. நம்மவர் வழக்கில் ஜூமார். யூசி கழுகுகளை ஆராய்ந்தவர், செங்குத்துப் பாறைகளில் கயிற்றில் தொங்க வேண்டியிருந்தவர்.

ஜூமார் மேலே மட்டும் நகரும். அதைக்கொண்டு இறங்க முடியாது என்பதால் உச்சியில் தொங்கியபடியே வேறொரு கருவிக்கு மாற வேண்டும். அதன் பற்கள் திடீர் அதிர்ச்சியில் கயிற்றின் உறையைக் கிழிக்கவும் கூடும். ஒரே இடத்துக்கு நேராக ஏறி, வேலை முடிந்ததும் நேராக இறங்குபவருக்கு இவை பெருங்குறைகள் அல்ல. குகை ஆய்வாளர்களும் வானுயர் மரங்களை ஆராய்ந்தவர்களும் இதையே ஏற்றுக்கொண்டனர். டொனால்டு பெரி என்ற அமெரிக்க உயிரியலாளர் 1978இல் வெளியிட்ட கட்டுரை மழைக்காட்டு மரங்களின் உச்சியை அடைய இம்முறையை விளக்கியது. உயர்ந்த கிளையின் மேல் மெல்லிய நூலை எய்து, அந்த நூலால் பெரிய கயிற்றை இழுத்து, ஒரு முனையைக் கீழே கட்டிவிட்டு மறுமுனையில் ஏறுவது அது.

தமிழகத்தில் ஒற்றைக் கயிறு

தமிழ்நாட்டில் இம்முறை நன்கு பயன்பட்ட இடம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்த காக்காச்சி. அங்குள்ள பசுமைமாறாக் காட்டில் சௌபத்ரா தேவி, தி. கணேஷ் முதலிய சூழலியலாளர்கள் மரங்களின் உச்சிக்கு ஏறி மகரந்தச் சேர்க்கையை ஆராய்ந்தனர். எந்தப் பூவுக்கு எந்தப் பூச்சி, பறவை, விலங்கு வருகிறது என்பதைத் தரையிலிருந்து தொலைநோக்கியால் முழுமையாக அறிய முடியாது. சௌபத்ரா தேவி, பிரியா டேவிதார் ஆகியோரின் காக்காச்சி மரங்களின் மகரந்தச் சேர்க்கை பற்றிய கட்டுரை 2003இல் அமெரிக்கத் தாவரவியல் இதழில் வெளிவந்தது.

வால்பாறைப் பக்கத்துக் காடுகளிலும் அதே வகை வெடிப்பலா மரங்கள் நிற்கின்றன. காடர்கள் முளையடித்து ஏறிய மலையும் இதுதான். ஒரு வேளை கயிறும் முளையும் ஒன்றையொன்று சந்தித்திருந்தால் யார் யாருக்குக் கற்றுத் தந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். எந்தக் கிளை தாங்கும், எது உள்ளே உளுத்தது என்பதைக் கீழிருந்தே சொல்லும் அறிவு காடர்களிடம்தான் இருந்தது. எந்தக் கருவியும் அதைத் தருவதில்லை. ஒற்றைக் கயிற்று முறையில் முதல் ஆபத்து முடிச்சில் இல்லை, கயிறு தொங்கும் கிளையில் இருக்கிறது. ஒரு முனையைக் கீழே கட்டிவிட்டு மறுமுனையில் தொங்கும்போது, கிளையின் மேல் ஏறுபவரின் எடையைப் போல ஏறத்தாழ இருமடங்கு விசை விழும் என்பதையும் புதியவர்கள் மறந்துவிடுவார்கள்.

மரத்துக்குள் கிளைவிட்டுக் கிளை தாவி வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, அதாவது நகரங்களில் மரக்கிளைகளைக் கழிப்பவர்களுக்கு, ஜூமார் போதாது. ஏறவும் இறங்கவும் ஒரே கருவி வேண்டும். மேலை நாடுகளில் அவர்கள் நெடுங்காலம் கயிற்றைக் கிளைமேல் மடித்துப் போட்டு, இரு பிரியாகத் தொங்கவிட்டு ஏறினர. அதில் முடிச்சின் மேல் உடல் எடையில் பாதிதான் விழும், ஆகவே கையால் தளர்த்தி இறங்குவது எளிது. 1994இல் ஜேசன் பிளேக் வெளியிட்டதால் அவர் பெயரால் வழங்கும் முடிச்சு இதற்குப் புகழ்பெற்றது. ஆஸ்திரியாவின் ஹெயின்ஸ் புரோகாஸ்கா அதை முன்பே அறிந்திருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. இரு பிரி முறையின் குறை, ஒரு மீட்டர் உயர இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும் என்பது. கிளையில் கயிறு தேய்ந்தபடியும் இருக்கும்.

ஒற்றைக் கயிற்றில் இந்தத் தேய்மானம் இல்லை. ஆனால் முழு எடையும் ஒரே முடிச்சில் விழுவதால் அது கல்லாக இறுகிவிடும், வலிந்து தளர்த்தினால் சட்டென்று சறுக்கிவிடும். சறுக்கும்போது எழும் சூட்டில் நைலான் கயிறு உருகும். நைலான் வகைகள் 220 முதல் 260 பாகை செல்சியசுக்குள் உருகுபவை. மிக வலிமையானதாகப் பேசப்படும் பாலிஎத்திலீன் இழையோ 150 பாகையைக்கூடத் தாங்காது. இழுவலிமையை மட்டும் பார்த்து முடிச்சுக் கயிறு வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சூட்டைத் தாங்கும் அராமிடு இழைகளை முடிச்சுக்குத் தேர்வதன் காரணமும் இதுதான்.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்க மரமேறி கெவின் பிங்காம் கண்ட தீர்வு எளிமையானது. முடிச்சுக்கு மேலே கயிற்றைச் சற்று வளைக்கும் ஒரு சிறு நெம்பு. எடை விழும்போது அது கயிற்றை வளைத்து உராய்வின் ஒரு பகுதியைத் தானே ஏற்றுக்கொள்ளும், மீதிப் பகுதி மட்டும் முடிச்சுக்கு வரும். ஏறும்போது அது நிமிர்ந்து தடையின்றி உடன் வரும். ஒரே உராய்வுப் புள்ளியை இரண்டாகப் பிரித்ததுதான் அதன் சாதனை. அதன்பின் முழுக்க உலோகத்தால் ஆன பல கருவிகள் வந்தன. பிரான்சின் பெட்சல் நிறுவனத்தின் சிக்சாக் என்ற இயந்திர முடிச்சு அவற்றில் பெயர் பெற்றது, 2013இல் அதன் கண்ணிகளில் விரிசல் காணப்பட்டதால் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. முடிச்சு தேய்வது கண்ணுக்குத் தெரியும், உலோகத்தின் விரிசல் எளிதில் தெரியாது. மழையில் நனைந்த கயிறு, பால் ஒட்டிய கயிறு, புதுக் கயிறு ஆகிய ஒவ்வொன்றிலும் பிடி மாறும். முடிச்சாக இருந்தால் ஒரு சுற்றைக் கூட்டிச் சரிசெய்யலாம், உலோகக் கருவியோ குறிப்பிட்ட தடிமனுள்ள கயிற்றுக்கு மட்டும் பொருந்தும். எதைத் தேர்ந்தாலும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் எடை கொடுத்துப் பார்த்துவிட்டே மேலே போவது எல்லா நாட்டு மரமேறிகளும் கடைப்பிடிக்கும் முறை.

தென்னைக்கு வந்த இயந்திரம்

பனையும் தென்னையும் கிளையில்லாதவை. கயிற்றை மேலே எய்து தொங்கவிட நம்பகமான கவை இல்லை. அதனால் ஒற்றைக் கயிற்றின் வரலாறு முழுவதும் கொங்குச் சமவெளியின் இரு முதன்மை மரங்களைத் தொடாமலே போய்விட்டது. இங்கு வேண்டியிருந்தது மரத்தையே பிடிக்கும் கருவி.

அதன் தேவை இரண்டு வழிகளில் எழுந்தது. பனையில் ஆள் குறைந்ததற்கு மதுவிலக்கு ஒரு பெரிய காரணம். இராஜாஜி அமைச்சரவை 1937 அக்டோபர் 1 அன்று கொங்கின் விளிம்பான சேலம் மாவட்டத்தில்தான் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மீண்டும் தளர்ந்து, 1987 தொடக்கத்திலிருந்து கள் இறக்குவது அடியோடு தடைசெய்யப்பட்டது. தெளுவுக்கும் கருப்பட்டிக்கும் மட்டும் ஏறுவது பலருக்குக் கட்டுபடியாகவில்லை. 1978இல் மாநில மரமாக அறிவிக்கப்பட்ட பனை, வரப்புகளில் ஏறுவாரின்றி நின்று செங்கற்சூளைகளுக்கு விறகானது. தென்னையிலோ நிலைமை நேர்மாறு. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களில் தோப்புகள் பெருகின, ஏறுபவர்களின் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போனார்கள். அவர்கள் போனதில் வியப்பில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று தோப்புக்காரர்கள் சொன்ன புகாரில் பாதி, இன்னொருவர் பிள்ளை ஏன் ஏறவில்லை என்ற புகார்தான்.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த விவசாயி எம். ஜே. ஜோசப் உருவாக்கிய இயந்திரம் இந்த வெற்றிடத்தில் புகுந்தது. வலக்காலுக்கும் இடக்காலுக்கும் தனித்தனிச் சட்டம். ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் எஃகுக் கம்பிவடம் மரத்தைச் சுற்றி வரும். மிதிக்கும் காலின் எடையால் வடம் இறுகும், காலைத் தூக்கினால் நெகிழ்ந்து மேலே நகரும். புரூசிக் முடிச்சும் தளையும் செய்யும் அதே வேலை, உராய்வு மட்டும் தோலிலிருந்து எஃகுக்கு இடம் மாறிவிட்டது. கோயம்புத்தூரில் டி. என். வெங்கட் அமர்ந்து எழுந்து ஏறும் வகையை உருவாக்கினார். அதில் இருக்கையோடு கூடிய மேற்சட்டமும் கால் வைக்கும் கீழ்ச்சட்டமும் மாறி மாறி நகரும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இவ்வகை ஏறுகருவிகளை உருவாக்கிப் பயிற்சி அளித்தது. 1981இல் அமைந்த தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தென்னை மர நண்பர்கள் என்ற பயிற்சித் திட்டத்தைக் கேரளத்தில் தொடங்கியது. சாதியாலும் பாலினத்தாலும் இத்தொழிலுக்கு வெளியே இருந்தவர்களும் அதில் பயின்றனர். பெண்கள் தென்னை ஏறியது அதனால் செய்தியானது.

இருந்தும் அனுபவமுள்ள மரமேறிகள் பலர் இயந்திரத்தை விரும்பவில்லை. இதைப் பழமைப்பற்று என்று தள்ளிவிட முடியாது. கூலி மரக்கணக்கில் கிடைக்கிறது. ஒவ்வொரு மரத்தடியிலும் இயந்திரத்தைப் பூட்டிக் கழற்றும் நேரம் அவருடைய கூலியில் கழிகிறது. தோப்புக்காரர் வாங்குகிறார், ஏறுபவர் வேறொருவர், ஆகவே எந்தக் கருவி என்று முடிவெடுக்கும் இடத்தில் ஏறுபவர் இருப்பதில்லை. இன்னொன்று, இயந்திரம் கொண்டையடி வரைதான் துணை. காயை வெட்டவும் மட்டையைக் கழிக்கவும் உடலை வளைத்து ஒரு கையை விடும் நேரத்தில்தான் விழும் ஆபத்து மிகுதி. அங்கே இயந்திரத்தின் மேல் நம்பிக்கை வைக்காமல், இடுப்புப் பட்டையோடு தனியான பாதுகாப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டியிருக்க வேண்டும். நிமிடத்தில் இத்தனை அடி ஏறலாம் என்று வேகத்தைச் சொல்லி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. கயிற்று மரமேறிகள் ஒரு பிடி தவறினால் இன்னொரு பிடி என்ற விதியை விடாமல் காப்பதைத் தென்னைத் தோப்புகள் இன்னும் முழுதாக ஏற்கவில்லை.

பனையோ இந்த இயந்திரங்களுக்கும் எளிதில் வசப்படவில்லை. தென்னையின் தண்டு அடி நீங்கலாக ஏறத்தாழ ஒரே பருமன். பனை அடியில் பருத்து மேலே சிறுத்துப் போகும், வடத்தின் நீளத்தை நடுவழியில் மாற்ற வேண்டும். இளம் பனையில் வெட்டிய மட்டைகளின் அடிப்பகுதி தண்டோடு ஒட்டி நின்று வடத்தைத் தடுக்கும். தென்னையில் 30 முதல் 45 நாளுக்கு ஒருமுறை ஏறினால் போதும், பதநீர்ப் பனையில் ஒரே நாளில் இருமுறை ஏற வேண்டும், அதுவும் வரப்பு முழுக்கச் சிதறி நிற்கும் மரங்களில். சட்டத்தைத் தோளில் சுமந்து வரப்பில் நடப்பது எளிதல்ல. 2021இல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது. அடுத்த ஆண்டின் அறிக்கை, பனை ஏறுவதற்குச் சிறந்த கருவியைக் கண்டுபிடிப்பவருக்கு விருது என்று அறிவித்தது. அந்தக் கருவி பருமன் மாறும் தண்டில் தானே இறுக வேண்டும், அரிவாள் பெட்டியோடு ஒரு கையில் தூக்கும் எடையில் இருக்க வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் பூட்டிக் கழற்ற வேண்டும். பிடி விட்டாலும் ஆளைத் தாங்க வேண்டும். நார்த்தளையிடம் இவற்றில் முதல் மூன்றும் இருக்கின்றன.